நிலைத்த உணவு மாற்றமும் உடல் நலமும்

உடல் நலம் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது மருந்து. வள்ளுவரோ 'மருந்து' என்று பெயரிட்ட அதிகாரத்தின் பெரும்பகுதியை உணவுக்கே ஒதுக்கினார். முன் உண்டது செரித்ததை அறிந்து, நன்கு பசித்த பின், அளவோடு உண்பவனுக்கு மருந்து தேவைப்படாது என்பது அவருடைய கருத்து. இக்கருத்தை மறுப்பவர் நம்மிடையே எவரும் இலர். ஆயினும் இதை வாழ்நாள் முழுவதும் கடைப்பிடிப்பவர் சிலரே. புத்தாண்டில் தொடங்கிய உணவுக் கட்டுப்பாடு பொங்கலோடு முடிந்துவிடுவதை நாம் பல வீடுகளில் காண்கிறோம். நிலைத்து நிற்கும் உணவு மாற்றம் எது, அதை எவ்வாறு மேற்கொள்வது என்பதை இங்கே ஆராய்வோம்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ் மக்களுக்கு இது இரட்டிப்பு முக்கியத்துவம் உடையது. ஊர் மாறும்போது உணவும் மாறுகிறது. விரும்பி மாற்றுவது சிறிது, வேறு வழியின்றி மாறுவது பெரிது. கேரளத்தின் கிழக்கு எல்லையிலுள்ள முதலமடையை இதற்கு ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பாலக்காடு மாவட்டத்தின் சிற்றூர் வட்டத்தில், நெல்லியாம்பதி மலைகளின் அடிவாரத்தில் அமைந்த ஊராட்சி அது. கோவிந்தபுரத்தைத் தாண்டினால் ஆனைமலை, பொள்ளாச்சி. தெற்கே பரம்பிக்குளம் காடுகள். மலையாளமும் தமிழும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர் அது. கேரளத்தின் மற்றப் பகுதிகளைவிட இங்கே மழை குறைவு. சிற்றூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியில் கரிசல் மண்ணும் உண்டு; பருத்தியும் நிலக்கடலையும் விளைந்த பூமி அது. இன்று முதலமடையின் பெயரை நாடறியச் செய்வது மாம்பழம். மற்றப் பகுதிகளின் மாம்பழம் சந்தைக்கு வருமுன்பே இவ்வூர்ப் பழங்கள் வடநாட்டு நகரங்களுக்குப் புறப்பட்டுவிடுகின்றன.

இத்தகைய வறண்ட சமவெளியில் முற்காலத்து உழைப்பாளியின் உணவு சோளமும் கம்பும் ராகியும் சாமையுமே. அடுத்துள்ள கொங்கு நாட்டிலும் இதுவே வழக்கம். நெல்லுச் சோறு விருந்துக்கும் பண்டிகைக்கும் உரியது. பங்கீட்டுக் கடைகளின் வழியாக அரிசி ஏழையின் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது பெரும் நன்மை. அது பலரைப் பட்டினியிலிருந்து காத்தது. ஆனால் அரிசி வந்த அதே தலைமுறையில் உழைப்பின் தன்மையும் மாறிற்று. ஏற்றம் இறைத்த இடத்தில் மின்சார இறைப்பி வந்தது. நடந்து சென்ற இடத்துக்கு மோட்டார் சைக்கிள் செல்கிறது. உழைப்பாளியின் சோற்றளவை நாம் வைத்துக்கொண்டோம், உழைப்பை விட்டுவிட்டோம். இன்றைய நோய்களின் வேர் பெரும்பாலும் இவ்விடத்தில்தான் இருக்கிறது.

அதன் விளைவைக் கணக்குகள் காட்டுகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், சென்னை ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நாடு முழுவதும் நடத்திய பெரும் ஆய்வின் முடிவுகள் 2023-ஆம் ஆண்டில் வெளிவந்தன. அதன்படி இந்நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு உண்டு. மேலும் 13 கோடியே 60 லட்சம் பேர் அந்நோயின் வாசலில் நிற்கின்றனர். நாட்டின் சராசரி 11.4 சதவீதம்; கேரளத்தில் அது 25.5 சதவீதம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, அளவுக்கு மீறிய உடல் எடையுள்ள பெண்கள் தமிழ்நாட்டில் 40.4 சதவீதம், கேரளத்தில் 38.1 சதவீதம், நாடு முழுவதற்கும் 24 சதவீதம். ஆகவே எல்லையின் எப்பக்கத்தில் வாழ்ந்தாலும் இது நம்முடைய கவலையே.

தானியத்தை மாற்றினால் போதுமா?

மருத்துவர் எச்சரித்தவுடன் நம் வீடுகளில் முதலில் நடைபெறுவது என்ன? சோறு நின்று சப்பாத்தி வருகிறது. அல்லது ராகிக் களியும் தினைச் சோறும் வருகின்றன. தில்லியிலும் மும்பையிலும் வாழ்வோர், தாம் கோதுமைக்கு மாறிவிட்டதால் ஆபத்து நீங்கிற்று என்று எண்ணுவதும் உண்டு. இந்த எண்ணம் எவ்வளவு சரியானது?

இதற்கு விடை தேட நாம் முதலமடையிலிருந்து வடக்கே, நீலகிரியிலுள்ள குன்னூருக்குச் செல்லவேண்டும். அங்கே 1918-ஆம் ஆண்டில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவ அறிஞர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்தச் சிறிய அறையே வளர்ந்து, 1958-ஆம் ஆண்டில் ஐதராபாத்துக்கு இடம் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் விளங்குகிறது. குன்னூரில் 1920-களில் மெக்காரிசன் ஓர் எளிய சோதனையைச் செய்தார். ஒரே தன்மையுள்ள எலிக் குஞ்சுகளைப் பல கூட்டங்களாகப் பிரித்து, சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர், மதராஸ் மாகாணத்தார் ஆகியோரின் உணவை ஒவ்வொரு கூட்டத்துக்கும் அளித்தார். சீக்கியரின் உணவை உண்ட எலிகள் எல்லாவற்றினும் நன்கு வளர்ந்தன. நம்மவரின் உணவை உண்டவை கடைசி இடத்தில் நின்றன.

இதைக் கேட்டவர்கள் பலர், கோதுமை உயர்ந்தது, அரிசி தாழ்ந்தது என்று முடிவு கட்டினர். சோதனையைக் கூர்ந்து நோக்கினால் வேறோர் உண்மை தெரியும். சீக்கியரின் உணவில் தவிடு நீக்காத கோதுமை மட்டும் இல்லை. பாலும் வெண்ணெயும் பருப்பும் காய்கறியும் பழமும் நிறைய இருந்தன. மதராஸ் உணவிலோ தீட்டிக் கழுவிய அரிசி மிகுதி. பருப்பும் காயும் சிறிது. பால் மிகச் சிறிது. எலிகளின் வளர்ச்சியைத் தீர்மானித்தது முழு உணவின் சேர்க்கை. பின்னர் குன்னூரில் பணியாற்றிய ஆக்ராய்டு முதலியோரின் ஆராய்ச்சிகள், நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசியின் உள்ளே ஊறித் தங்குகிறது என்பதை விளக்கின. பாலக்காட்டு மட்டை அரிசியை உண்டு பழகிய முதலமடை மக்கள் இவ்வகையில் நல்ல வழக்கத்தையே கொண்டிருந்தனர். ஆயினும் நல்ல அரிசியும் அளவு மீறினால் மாச்சத்தாகவே உடலில் சேரும்.

நூறாண்டுக்கு முன் எலிகளிடம் கண்டதை இன்று மனிதரிடமும் காண்கிறோம். மேலே கூறிய நாடு தழுவிய ஆய்வின் உணவுப் பகுதி 2025-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. இந்தியர் தாம் பெறும் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதத்தை மாச்சத்திலிருந்தே பெறுகின்றனர் என்று அது கண்டது. அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ உண்டு, மொத்த மாச்சத்தைக் குறைக்காமலிருந்தால், நீரிழிவின் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மாச்சத்தில் ஒரு சிறு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் பயறு, பருப்பு, பால், தயிர் ஆகியவற்றின் புரதத்தைச் சேர்த்தவர்களிடம் அபாயம் குறைவாக இருந்தது. ஆகவே சப்பாத்திக்கு மாறி நான்குக்கு ஐந்தாக உண்பவர், சோற்றை விட்டதால் பெற்ற பயனைச் சப்பாத்தியிலேயே இழந்துவிடுகிறார்.

கணக்கைச் சிறிது விரித்துப் பார்ப்போம். 100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 350 கலோரியும் 8 கிராம் புரதமும் உண்டு. ராகியிலும் கலோரி இதற்கு மிகக் குறைந்ததன்று. சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் மிகுதியாக இருப்பதே அதன் சிறப்பு. பருப்பு வகைகளில் 100 கிராமுக்கு 22 கிராம் அளவுக்குப் புரதம் கிடைக்கிறது. நாளொன்றுக்கு இரு வேளையும் சேர்த்து 300 கிராம் அரிசி உண்ணும் ஒருவர், வேளைக்கு 50 கிராம் குறைத்து, நாளைக்கு 50 கிராம் பயறோ பருப்போ கூட்டிக்கொள்ளட்டும். அவருக்கு நாள்தோறும் ஏறக்குறைய 180 கலோரி குறைகிறது. புரதமோ ஏறக்குறைய மூன்று கிராம் கூடுகிறது. 50 கிராம் அரிசி சமைத்தால் ஒரு கிண்ணச் சோறு. ஒரு கிண்ணம் குறைந்த இடத்தில் சுண்டலும் கீரையும் நின்றால் வயிறும் குறை சொல்லாது.

அட்டப்பாடி கூறும் பாடம்

சிறுதானியம் பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. முதலமடை இருக்கும் அதே பாலக்காடு மாவட்டத்தின் வட கோடியில் அட்டப்பாடி இருக்கிறது. இருளர், முதுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் வாழும் மலைநாடு அது. அங்கே 2013-ஆம் ஆண்டில் ஊட்டக் குறைவால் பச்சிளங் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த செய்தி நாட்டையே உலுக்கிற்று. முன்பு அம்மக்களின் நிலங்களில் ராகியும் சாமையும் தினையும், அவற்றோடு துவரையும் அவரையும் கீரையும் விளைந்தன. நிலம் கைவிட்டுப் போனபோது தானியத்தோடு அதைச் சூழ்ந்திருந்த பயறும் கீரையும் போயின. கடையிலிருந்து அரிசி வந்தது, மற்றவை வரவில்லை. இதை உணர்ந்து கேரள அரசு 2017-ஆம் ஆண்டில் அங்கே சிறுதானியக் கிராமத் திட்டத்தைத் தொடங்கிற்று. 2022-ஆம் ஆண்டில் அட்டப்பாடித் துவரையும் அட்டப்பாடி ஆட்டுக்கொம்பு அவரையும் புவிசார் குறியீடு பெற்றன. அங்கே மீட்கப்படுவது ஒரு தானியம் மட்டும் அன்று. தானியமும் பயறும் கீரையும் சேர்ந்த ஒரு முழு உணவு.

அட்டப்பாடியின் துன்பம் உணவின் குறைவால் நேர்ந்தது. நகரத் தமிழரின் துன்பம் மிகுதியால் நேர்வது. இரண்டும் எதிரெதிரானவை போலத் தோன்றினும், இலையில் சோறு பெருகி மற்றவை சுருங்கியது இரண்டுக்கும் பொதுவாக இருக்கிறது.

மாற்றம் ஏன் நிலைப்பதில்லை?

உணவை மாற்றினால் பயன் உண்டா என்பதில் இன்று ஐயமில்லை. அப்பயன் நீடிக்குமா என்பதே வினா. பிரித்தானியாவில் நீரிழிவு நோயாளிகளிடம் நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2017-ஆம் ஆண்டில் வெளிவந்தது. சில மாதங்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 850 கலோரியுள்ள நீர்ம உணவை மட்டும் அவர்கள் உட்கொண்டனர். பின்னர் சாதாரண உணவுக்குப் படிப்படியாகத் திரும்பினர். ஓராண்டின் முடிவில் 46 சதவீதத்தினர் மருந்தின்றியே நீரிழிவின் எல்லையை விட்டு வெளியே வந்திருந்தனர். இரண்டாம் ஆண்டில் இது 36 சதவீதமாயிற்று. தொடர்ந்து உதவி பெற்ற குழுவில் ஐந்தாம் ஆண்டில் அந்நிலையில் இருந்தவர் 13 சதவீதமே. எடை திரும்பியவர்க்கு நோயும் திரும்பிற்று. கடுமையான பத்தியம் விரைவில் பலன் தருகிறது. ஆனால் பழைய உணவுக்குத் திரும்புவோரைப் பத்தியம் காப்பதில்லை. மேலும், எடை விரைந்து குறையும்போது பசியைத் தூண்டும் சுரப்புகள் மிகுகின்றன. உடல் செலவிடும் ஆற்றலும் சுருங்குகிறது. உடல் தன் பழைய எடையை நாடுவது மன உறுதியின் குறையால் மட்டும் நிகழ்வதன்று.

இதற்கு மாறாகச் சென்னையில் நடைபெற்ற ஒரு சோதனையைப் பார்ப்போம். நீரிழிவின் வாசலில் இருந்த 531 பேரைக் கொண்டு நடத்திய இதன் முடிவு 2006-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இவர்களுள் ஒரு குழுவினருக்குக் கூறப்பட்டவை மிக எளிய அறிவுரைகளே: சர்க்கரையை விலக்குக, தீட்டிய தானியத்தையும் கொழுப்பையும் குறைக்க, நார்ச்சத்துள்ள உணவைக் கூட்டுக, நாள்தோறும் அரைமணி நேரம் நடக்க. மூன்றாண்டுகளில், அறிவுரை பெறாதவர்களில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது, பெற்றவர்களில் 39.3 சதவீதத்தினருக்கே வந்தது. எடை பெரிதும் குறையாமலே இப்பயன் கிட்டியது. சீனாவில் தாச்சிங் நகரில் 1986-இல் தொடங்கிய இதுபோன்ற சோதனை ஆறாண்டுகள் நடந்தது. அதில் பங்குகொண்டோரை முப்பது ஆண்டுகள் கவனித்தபோது, உணவையும் உடற்பயிற்சியையும் திருத்திக்கொண்டவர்களுக்கு நீரிழிவு ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் தள்ளிப்போயிருந்தது. இருதய நோயும் குறைந்திருந்தது.

சிறிய மாற்றம் நெடுநாள் நின்றால், பெரிய மாற்றம் சில நாள் நிற்பதைவிட மேலானது என்பதே இவற்றின் சாரம். அவ்வாறு நிற்பதற்கு ஒரு மாற்றத்துக்கு மூன்று தகுதிகள் வேண்டும். வீட்டுச் சமையலறையில் அது அன்றாடம் சமைக்கக்கூடியதாக இருக்கவேண்டும். மாதக் கடைசியிலும் வாங்கக்கூடிய விலையில் இருக்கவேண்டும். வீட்டார் எல்லோரும் சேர்ந்து உண்ணக்கூடியதாகவும் இருக்கவேண்டும். ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் நெடுநாள் நடவாது. வெளிநாட்டுப் பழங்களும் விலையுயர்ந்த பொடிகளும் இத்தகுதிகளில் தோற்றுவிடுகின்றன. கொள்ளும் தட்டைப்பயறும் முருங்கைக் கீரையும் வெற்றி பெறுகின்றன.

வாழும் ஊரே வழிகாட்டும்

பிற மாநிலத்தில் இருப்பது இவ்வகையில் ஒரு குறையன்று. முதலமடைத் தமிழர் தம் அண்டை வீட்டு மலையாளியிடமிருந்து கஞ்சியும் பயறும் சேர்த்து உண்ணும் வழக்கத்தைப் பெறலாம். புட்டோடு கடலைக்கறியைச் சேர்க்கும் வழக்கமும் அத்தகையதே. தானியத்தோடு பயறு சேரும் இவ்வுணவுகள் நாம் மேலே சொன்ன கணக்குக்கு இயல்பாகவே பொருந்துகின்றன. எல்லையோரத்து மற்றொரு மலைப்பகுதியான இடுக்கியில், தமிழர் மிகுந்து வாழும் வட்டவடையும் காந்தளூரும் பூண்டுக்கும் காய்கறிக்கும் பெயர் பெற்றவை. அங்குள்ளோர்க்குக் காய்கறி கடைச் சரக்கன்று, கண்முன் விளைவது. கன்னட நாட்டில் இருப்போருக்கு ராகி உருண்டையோடு கொள்ளுச் சாறும் கீரைச் சாறும் உண்டு. மராட்டியத்தில் சோள ரொட்டியோடு முளைகட்டிய நரிப்பயறு கிடைக்கிறது. தில்லியிலும் பஞ்சாபிலும் ராஜ்மா, கொண்டைக்கடலை, கடுகுக் கீரை, தயிர் ஆகியவை மலிவு. வங்காளத்தில் மீனும் பலவகைக் கீரைகளும் குறைவில்லை. ஊர் எதுவாயினும், அவ்வூர் ஏழைகளின் பயற்றையும் கீரையையும் நம்முடைய சோற்றோடு சேர்த்துக்கொள்வதே எளிய வழி. விடுதியிலும் பணியிடத்துச் சமையற்கூடத்திலும் உண்போர், இரண்டாம் முறை சோறு கேட்கும்போது அதற்குப் பதிலாகப் பருப்பையோ கூட்டையோ கேட்டு வாங்குவதே அவர்களுக்கு ஏற்ற முதற்படி.

இலையில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு பயறு, பருப்பு, தயிர், முட்டை, மீன் ஆகியவற்றுள் கிடைப்பது, மீதிக் கால் பங்கு சோறோ ரொட்டியோ என்று கண்ணளவால் பிரித்துக்கொண்டால் தராசு தேவையில்லை. ஒரே நாளில் இதை எட்ட முயலவேண்டாம். முதல் மாதம் இரவுச் சோற்றில் ஒரு கரண்டி குறைத்துக் காயைக் கூட்டுவோம். அது பழகியபின் பகலுணவை நோக்குவோம். தேநீரிலும் காப்பியிலும் இடும் சர்க்கரையைச் சிறிது சிறிதாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு புதிய சுவைக்குப் பழகிவிடும். உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள் அடங்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாயும் அப்பளமும் வற்றலும் ஊரை நினைவூட்டும் பண்டங்களாகையால் வெளியூரில் அவற்றின் மேல் ஆசை கூடும். ஆசைக்குத் தொட்டுக்கொள்ளலாம், வயிற்றுக்குப் பரிமாறிக்கொள்ளலாகாது. மாம்பழத்தை விலக்க வேண்டியதில்லை. உணவுக்குப் பின் கூடுதலாக உண்பதைவிட, மாலைப் பலகாரத்துக்குப் பதிலாகச் சில துண்டுகள் உண்பது நன்று. சாறாகப் பிழிந்து சர்க்கரை சேர்த்தால் பழத்தின் நார்ச்சத்தை இழந்து இனிப்பை மட்டும் பெறுகிறோம்.

உணவோடு உழைப்பும் சேரவேண்டும். வாரத்தில் 150 நிமிடம் வேகநடை போதுமானது. நாள்தோறும் இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். முன்னேற்றத்தை அறிய எடையை நாள்தோறும் பார்த்துக் கவலைப்படுவதைவிட மாதம் ஒரு முறை இடுப்பின் சுற்றளவை அளப்பது பயன் தரும். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எச்சரிக்கைக் கோடுகள். ஆனால் ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ பெறுவோர், சோற்றளவைக் குறைக்குமுன் மருத்துவரைக் கண்டு மருந்தின் அளவையும் திருத்திக்கொள்ளவேண்டும். இல்லையேல் இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். சிறுநீரக நோயுடையோர் புரதத்தைத் தாமாகக் கூட்டலாகாது. கருவுற்ற பெண்களுக்கும் வளரும் குழந்தைகளுக்கும் உணவைக் குறைப்பது பொருந்தாது. அவர்களுக்குச் சேர்ப்பனவே வேண்டும்.

மொழியைப் போலவே உணவுப் பழக்கமும் வீட்டில் பேசிப் பேசி, உண்டு உண்டு வருவது. வெளியூரில் பிறந்த நம் பிள்ளைகள் தமிழைப் பெற்றோரின் வாயிலிருந்து கற்பதுபோல, சோற்றின் அளவையும் கீரையின் சுவையையும் பெற்றோரின் இலையிலிருந்தே கற்கின்றனர். நாம் இன்று ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்து ஒரு கரண்டிப் பயற்றைக் கூட்டினால், அது நம் உடம்போடு முடிந்துவிடுவதில்லை. அடுத்த தலைமுறையின் வழக்கமாகிவிடுகிறது. பிள்ளைகளுக்கு நாம் வைத்துச் செல்லும் செல்வங்களுள் அதையும் ஒன்றாகக் கருதி, இன்றைய இரவு உணவிலேயே தொடங்குவோமாக.